பின்னங்கால் விழுந்த நாய்: ஊசி போட்டு அனுப்பறதா, வச்சுப் பார்க்கறதா?

குன்னூர் தோட்டவீடு: எங்க மணி குட்டைக்கால் டாஷ்ஹண்ட் ஜாதி நாய், 7 வயசு. நேத்து கட்டில்ல இருந்து குதிச்சான். சாயங்காலமே பின்னங்கால் ரெண்டும் வரலை. முன்னங்காலால இழுத்துக்கிட்டு வாசலுக்கு வர்றான், வால் ஆடலை. வலியில்லாம உயிர் போக ஊசி போட்டுருங்கன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார். என்ன பண்றதுங்க?

கோத்தகிரிக்காரன்: நானும் அதையேதான் சொல்வேன். இடுப்பு விழுந்த நாயை 8 மாசம் வச்சிருந்தேன். தொடை தரையில உரசிப் புண்ணாச்சு, மழைக்காலத்துல ஆறவே இல்லை. ஒரு ராத்திரி வராண்டாவுல படுத்திருந்ததைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கு ஊசி எவ்வளவோ மேல்.

மேட்டுப்பாளையத்து அக்கா: தம்பி, உங்க வேதனை புரியுது. ஆனா நேத்து விழுந்த நாய்க்கு அதுவா பதில்? குட்டைக்கால் ஜாதிக்கு முதுகெலும்புத் தட்டு விலகித் தண்டுவடத்தை அழுத்தறது அடிக்கடி வர்றது. டாக்டர் பின்னங்கால் விரலைக் கிடுக்கியால அழுத்துவார். காலை இழுத்தா மட்டும் போதாது, அது மூளைக்குத் தெரியாமலே நடக்கும். திரும்பிப் பார்க்கணும், கத்தணும். அந்த வலி தெரிஞ்சா ஆபரேஷன்ல பெரும்பாலும் நடந்துரும். தெரியலைன்னா பாதிக்குப் பாதி, அதுவும் சீக்கிரம் போனாத்தான். பலகையில படுக்க வச்சு இன்னைக்கே கூட்டிப் போங்க. நம்ம வலி மாத்திரை எதுவும் வேண்டாம், ஐபுபுரூஃபென் நாய்க்கு விஷம்.

கோத்தகிரிக்காரன்: அக்கா, ஆபரேஷன் காசுக்கு இலை பறிக்கறவங்க எங்க போவாங்க? நாயோட இடுப்புல மாட்டற சக்கரவண்டி வாங்குன்னாங்க, என் வீட்டுக்கு 27 படி!

மேட்டுப்பாளையத்து அக்கா: படிக்கு வண்டி ஆகாது, ஒத்துக்கறேன். வயித்துக்கடியில துண்டைக் குடுத்துத் தூக்கித்தான் ஏத்தணும். காசு இல்லைன்னா 4 முதல் 6 வாரம் கூண்டுக்குள்ள அசையாம வைக்கணும், வலி தெரியற நாய் அதுலயும் நிறையத் தேறுது. ஆனா மூத்திரம்! அடிவயித்தை அமுக்கி ஒரு நாளைக்கு 3, 4 தடவை எடுக்கணும், டாக்டர்கிட்டப் பழகிட்டு. மூத்திரப்பை நிறைஞ்சு வழிஞ்சு சொட்டறதைப் பார்த்து, தானாப் போகுதுன்னு விட்டுடறாங்க.

கோத்தகிரிக்காரன்: எனக்கு அதை யாரும் சொல்லலைங்க அக்கா. சொட்டிக்கிட்டேதான் இருந்துச்சு, போகுதுன்னே நினைச்சேன். வலி தெரியாத நாயை, பார்த்துக்க ஆளில்லாத வீட்டுல வச்சு இழுக்கறது பாவம்ங்கறதுல நான் மாறலை. மணியை முதல்ல காட்டுங்க.

குன்னூர் தோட்டவீடு: விரலை அமுக்கினதும் திரும்பி டாக்டர் கையைப் பார்த்து உறுமினான்! பலகையோட கட்டி மடியில வச்சிருக்கேன். ஆபரேஷனுக்கு மலை இறங்கறோம், பர்லியாறு தாண்டிட்டோம்.