பெரிய கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்: வெயில், கரண்ட், கேபிள், கேம்

சென்னையிலிருந்து:

கிராபிக்ஸ் கார்டு விமர்சனங்களில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்பது விலாவாரியாக இருக்கும். அதே கார்டை நம்ம ஊர் வெயிலில், நம்ம ஊர் கரண்டில், ஒரு சாதாரண வீட்டில் வருஷக்கணக்காக ஓட்டினால் என்ன ஆகும் என்பது இருக்காது. என்னிடம் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு இருக்கிறது. வாங்கியதில் இன்றுவரை எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் முதலில் வீடு தயாராக வேண்டும். வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதைத்தான்.

2022 அக்டோபரில் இந்தியாவில் இதன் அறிவிப்பு விலை ரூ.1,55,000. 24 ஜிபி மெமரி, 450 வாட். இந்த 450 வாட்டில்தான் எல்லாமே இருக்கிறது. பிராசஸரும் மானிட்டரும் மற்றதும் சேர்ந்தால், கனமான கேம் ஓடும்போது சுவரிலிருந்து 600 வாட் வரை இழுக்கும். உள்ளே போகும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும், அதுவும் நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளேயே. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறக்குறைய 3,500 வாட். அதில் ஆறில் ஒரு பங்கு கம்ப்யூட்டருக்கே போய்விடுகிறது. கத்திரி வெயில் மத்தியானத்தில் ஏசி இல்லாமல் விளையாடிப் பார்த்தேன். கார்டு பெரிய கூலரோடு வருவதால் எழுபது டிகிரியைச் சுற்றியே நின்றது, அதன் வரம்பான 90 டிகிரிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. என்னால்தான் உட்கார முடியவில்லை.

இதற்கு நான் கண்ட வழி பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கும் வாட்டுக்கு ஒரு வரம்பு. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் அதை 70 சதவீதத்துக்கு இறக்கினால் கார்டு 315 வாட்டுக்கு மேல் போகாது. 100 ஃபிரேம் வந்த இடத்தில் 94, 95 வருகிறது. 135 வாட் சூடு குறைகிறது, ஃபேன் சத்தமும் அடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் மார்ச் முதல் ஜூன் வரை இப்படித்தான் ஓடுகிறது. இவ்வளவு விலை கொடுத்துவிட்டு ஏன் குறைத்து ஓட்டுகிறாய் என்று கேட்பவர்கள் ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டு விளையாடட்டும் என்று சொல்ல முடியாது, ஆனால் திரையில் எண்ணை மறைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் சொல்லுங்கள்.

கரண்ட் பில் விஷயம். தினம் மூன்று மணி நேரம் 600 வாட் என்றால் இரண்டு மாத பில்லில் 108 யூனிட் கூடும். அதோடு ஏசியும் ஓடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டோடு விஷயம் முடியாது, கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். 470, 480இல் நிற்கும் வீடாக இருந்தால் இந்தக் கார்டு ஒன்றே பில்லை அடுத்த படிக்கு ஏற்றிவிடும். வாங்குவதற்கு முன் பழைய பில்களை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எர்த்திங்கையும் சோதித்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. கேபினட்டைத் தொட்டால் லேசாக ஜிவ்வென்று இழுக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கார்டு வருவதற்கு முன்னாலேயே எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி லைன் இழுத்து எர்த் போட்டோம்.

இவ்வளவும் எதற்கு என்றால், சைபர்பங்க் 2077க்காக. 2023 ஏப்ரலில் அந்த கேமுக்கு பாத் டிரேசிங் வந்தது. அதற்கு முன் நிழலுக்கு ஒரு கணக்கு, பிரதிபலிப்புக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக இருந்தது. இதில் ஒளியின் பாதை முழுவதையும் கார்டே கணக்கிடுகிறது. மழை பெய்து நனைந்த தெருவில் ஒரு விளம்பரப் பலகையின் சிவப்பு ஒளி சுவரில் பட்டு, அந்தச் சுவரிலிருந்து எதிரில் நிற்பவரின் கன்னத்தில் லேசாக விழும். நான் சண்டையை விட்டுவிட்டு நடந்தே சுற்றியிருக்கிறேன். ஆனால் 4கே (3840 x 2160 பிக்சல்) அளவில் எந்த உதவியும் இல்லாமல் இதை ஓட்டினால் 4090இலும் 20 ஃபிரேமைத் தொடுவது கஷ்டம். சின்னப் படத்தை வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் என்ற வசதியைப் போட்டால்தான் விளையாட முடியும். அதன் பெர்ஃபார்மன்ஸ் மோடில் கார்டு உண்மையில் 1080பி (1920 x 1080 பிக்சல்) படத்தை வரைந்து அதை 4கே ஆக வளர்க்கிறது. அதற்கு மேல் ஃபிரேம் ஜெனரேஷன், இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைத் தானே உருவாக்கிச் செருகுகிறது. கண்ணுக்கு அருமையாக இருக்கும். கைக்கு அப்படியில்லை. அடிப்படை ஃபிரேம் குறைவாக இருந்தால், திரையில் 90 என்று காட்டினாலும் மவுஸ் கனமாகவே இருக்கும். செருகின ஃபிரேமுக்கு நம் கை அசைவு தெரியாது, காரணம் அதுதான். அடிப்படையில் 50, 60 வந்த பிறகு ஃபிரேம் ஜெனரேஷனைப் போடுங்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். கேபிள் பற்றித் தெரிந்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.

கோவையிலிருந்து:

கேபிள் பற்றி நான் சொல்கிறேன். சில வருஷமாக நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் பிசி அசெம்பிள் செய்துகொடுக்கிறேன், 4090 பலமுறை கையில் வந்திருக்கிறது.

கார்டில் பவர் கேபிளைச் செருகும் புதிய 16 பின் கனெக்டரில் 12 வோல்ட் கொண்டுவருவது ஆறு பின்கள்தான். 450 வாட் என்றால் 37 ஆம்பியருக்கு மேல். ஆறும் சமமாகப் பங்கிட்டால் பின்னுக்கு 6 ஆம்பியர் சொச்சம், அது தாங்கும். ஆனால் 4090இல் ஆறும் கார்டுக்குள் போனதும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எந்தப் பின்னில் எவ்வளவு வருகிறது என்று கார்டுக்குத் தெரியாது. இரண்டு பின் சரியாகத் தொடாவிட்டால் மிச்சம் நான்கும் அந்தச் சுமையைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பிளாஸ்டிக் உருகுவது அப்படித்தான். கார்டு வந்த மாதத்திலேயே உருகின படங்கள் வரத் தொடங்கின. 2022 நவம்பரில் என்விடியா, உலகம் முழுக்க ஏறக்குறைய 50 புகார்கள் வந்ததாகவும், கனெக்டர் முழுதாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்றும் சொன்னது. எனக்கு அந்தப் பதில் பாதிதான் திருப்தி. முழுதாகச் செருகாவிட்டால் கரண்டே வராதபடி செய்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் வந்த 12வி-2x6 என்ற திருத்தத்தில் சென்ஸ் பின்களை (கேபிள் செருகியிருப்பதைக் கார்டுக்குத் தெரிவிக்கும் சின்னப் பின்கள்) குட்டையாக்கி அதைத்தான் செய்தார்கள்.

செருகும்போது கார்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராக அழுத்துங்கள். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள், இடைவெளியே தெரியக்கூடாது. கனெக்டரிலிருந்து முதல் 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்காதீர்கள். கேபினட்டின் பக்கவாட்டுக் கண்ணாடி கேபிளை அழுத்துகிறது என்றால் கேபினட்டைத்தான் மாற்ற வேண்டும். கண்ணாடி மூடவில்லையே என்று கேபிளை மடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். அப்புறம், கார்டு இரண்டு கிலோவுக்கு மேல் எடை, அடியில் முட்டுக்கொடுக்க ஒரு ஸ்டாண்ட் கட்டாயம் வையுங்கள்.

கனடா, ஸ்காபரோவிலிருந்து:

வெயிலைப் பற்றி எழுதியதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கே ஜனவரியில் நான் பேஸ்மென்டில் கேம் விளையாடினால் அறை சூடாகிவிடும், தம்பி படிக்கிறதுக்குக் கீழே இறங்கி வந்துவிடுவான். எங்களுக்குப் பிரச்சினை வேறு. இங்கே 120 வோல்ட். ஒரு சாதாரண சர்க்கியூட் 15 ஆம்பியர், அதாவது 1,800 வாட். தொடர்ந்து இழுப்பதென்றால் அதில் 80 வீதம், 1,440 வாட்தான் கணக்கு. அம்மா பக்கத்து அறையில் 1,500 வாட் ஹீட்டரைப் போட, நான் இங்கே கேமைத் தொடங்க, பிரேக்கர் விழுந்துவிட்டது. இரண்டு அறையும் ஒரே சர்க்கியூட்டில் இருந்தது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீடு வாடகைக்கு எடுத்தது, வயரிங்கை மாற்ற முடியாது. ஹீட்டரை வேறு சர்க்கியூட்டுக்கு மாற்றினோம்.

நான் வைத்திருப்பது 4090க்கு அடுத்த தலைமுறைக் கார்டான 5090. 575 வாட். 2025 ஜனவரி கடைசியில் வந்தது, கோவை அண்ணை சொன்ன கனெக்டர் கதை அடுத்த மாதமே இதிலும் தொடங்கிவிட்டது. அவர் எழுதியதை வாசித்தபின் மூடியைக் கழற்றி இன்னொருக்கால் பார்த்தேன். நன்றி அண்ணை.

திருச்சியிலிருந்து:

யூபிஎஸ் பற்றி யாரும் எழுதவில்லை. கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தரும். கேம் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்தே அணைந்துவிடும். இந்த மாதிரி சிஸ்டத்துக்கு ஆயிரம் வாட்டுக்கு மேல் தரக்கூடியது வேண்டும், அதுவும் வீட்டுக் கரண்டைப் போலவே வளைவான அலை தரும் சைன் வேவ் வகை. சதுர அலை தரும் மலிவு யூபிஎஸ்களோடு சில நல்ல பவர் சப்ளைகள் ஒத்துப்போகாமல் ஆஃப் ஆகிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கேமிங் பிசியை மாட்டவே மாட்டாதீர்கள்.

வாரண்டி பற்றியும் ஒரு வார்த்தை. என் கார்டின் ஒரு ஃபேன் நின்றுபோய் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். வாரக்கணக்கில் பதிலே இல்லை. கடைசியில் வேறொரு கார்டு வந்தது, அதன் மூலையில் கீறல். பழுதுபார்த்த கார்டைத்தான் தந்திருக்கிறார்கள். இவ்வளவு விலை கொடுத்த பொருளுக்கு இது நியாயமே இல்லை. பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்திருந்ததால்தான் வந்தது வேறு கார்டு என்று காட்டி, வாரண்டிக் காலத்தைப் புதிய சீரியல் நம்பருக்கு மாற்ற முடிந்தது.

மதுரையிலிருந்து:

அண்ணா, எல்லாவற்றையும் படித்தேன். என்னிடம் 1080பி மானிட்டர், கொஞ்சம் பழைய பிராசஸர். ஒருவர் தன் 4090ஐ விற்கிறார். வாங்கினால் ஃபிரேம் திக்கித் திக்கி வருவது நின்றுவிடுமா?

சென்னையிலிருந்து:

நிற்காது தம்பி. 1080பி திரையில் இருபது லட்சம் பிக்சல்தான், 4கேயில் அதைப்போல நான்கு மடங்கு. சின்ன வேலையைக் கார்டு சட்டென்று முடித்துவிட்டு, அடுத்த ஃபிரேமுக்கு உன் பிராசஸர் எப்போது தயாராகும் என்று காத்துக்கொண்டிருக்கும். கார்டின் பயன்பாடு 50, 60 சதவீதத்தில் நிற்பதைப் பார்ப்பாய். இப்போது உன் பழைய கார்டிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம். கேம் திக்கும்போது பயன்பாடு 97, 98இல் இருந்தால் கார்டு போதவில்லை என்று அர்த்தம். அதற்குக் கீழே விழுந்தால் பிரச்சினை வேறு இடத்தில்.

இன்னொன்று, சில கேம்கள் எந்தக் கார்டிலும் திக்கும். 2023இல் ஸ்டார் வார்ஸ் ஜெடி சர்வைவர் பிசியில் வந்தபோது 4090 வைத்திருந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். நானும் பார்த்தேன். ஒளியையும் நிறத்தையும் எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன நிரல்களான ஷேடர்களை முன்கூட்டியே தயாரிக்காமல் விளையாட்டின் நடுவில் தயாரித்தால் அந்த நொடி படம் நின்றுதான் ஆகும். அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் கேமை எழுதியவர்கள்.

உன் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பணத்தில் முதலில் 1080பிக்கும் 4கேக்கும் நடுவில் உள்ள நல்ல 1440பி மானிட்டர், அப்புறம் பிராசஸர். அதற்குப் பிறகும் மீதி இருக்கும் பணத்துக்கு நடுத்தர கார்டு ஒன்று தாராளமாக வரும். எந்த பிராசஸர், எந்த மதர்போர்டு என்று எழுது, பார்த்துச் சொல்கிறேன். அந்த 4090ஐத்தான் வாங்கியே தீருவேன் என்றால், விற்பவர் வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல், கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.