யாரும் வாசிக்காத மெட்டு

இரண்டாம் வயலின்:

சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முதல், இரண்டாம் என்று இரண்டு வரிசை. அதில் இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசிப்பதுதான் என் பிழைப்பு. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் யாராவது வழிமறித்து, "அந்த இடத்தை வாசிக்கும்போது உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் ஏமாந்துபோவார்கள். பெரும்பாலும் முன்னால் இருப்பவரின் வில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இல்லையென்றால் பக்கம் புரட்டும் கவலை. இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். உள்பக்கம் இருப்பவர்தான் புரட்ட வேண்டும், அது நான்.

இரங்கல் நிகழ்ச்சிகளுக்கு அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் அடாஜியோ என்ற மெதுவான தந்தி இசையை அடிக்கடி கேட்பார்கள். அதற்கு வில்லை அத்தனை மெதுவாக இழுக்க வேண்டும். கை லேசாக நடுங்கினாலும் வில் தந்திமேல் துள்ளும். அது அப்படியே வெளியே கேட்கும். ஒருமுறை முன்வரிசையில் ஒரு அம்மா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். நானோ வில்லின் நுனிக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். நானும் அழுதிருந்தால் அவருக்குக் கேட்டிருப்பது வெறும் கீச்சொலிதான்.

அப்புறம் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி, நான்கு பகுதிகள் கொண்ட பெரிய ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு. 1893-இல் அவரே முன்நின்று அரங்கேற்றினார். அடுத்த ஒன்பது நாளில் இறந்துபோனார். அதன் கடைசிப் பகுதி படிப்படியாக இறங்கிவரும் ஒரு சோக மெட்டோடு தொடங்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த மெட்டு எங்கள் யாருடைய தாளிலும் கிடையாது. அதன் ஒரு ஸ்வரம் முதல் வயலின்களிடம் இருக்கும், அடுத்தது எங்களிடம், அதற்கடுத்தது மறுபடி அவர்களிடம். வீட்டில் என் பங்கை மட்டும் சாதகம் செய்தால், மேலும் கீழும் தாவும் ஏதோ ஒன்றுதான் வரும். அந்தக் காலத்தில் இரண்டு வரிசையும் மேடையின் இரு ஓரங்களில் எதிரெதிரே உட்காருவது வழக்கம் வேறு. பின்னால் அதே மெட்டு திரும்பும்போது முதல் வயலின்களே முழுசாக வாசித்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தொடக்கத்தில் மேடையில் யாரும் மெட்டை வாசிப்பதில்லை. அது கேட்பவரின் காதுக்குள்தான் ஒட்டிக்கொண்டு உருவாகிறது.

அதனால் என்ன தோன்றியது என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. உங்களுக்கு என்ன நடந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லுங்களேன்.

பேச்சுப் பயிற்சியாளர்:

பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சுப் போனவர்களோடு வேலை செய்கிறேன். ஒருவருக்குத் தன் பெயரே வாயில் வராது. டம்ளரைக் காட்டி "இது என்ன?" என்றால் உதடு கோணி, முகமெல்லாம் வியர்த்துவிடும். அவருக்குத் தெரிந்த பாட்டை நான் முணுமுணுத்தால் போதும், இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டு வார்த்தை பிசகாமல் பாடுவார். நான் நிறுத்தினால் அவரும் அதே சொல்லில் நின்றுவிடுவார். அந்த வரியையே பேச்சாகச் சொல்லச் சொன்னால் ஒன்றும் வராது.

இதை வைத்து 1973-லேயே ஒரு பயிற்சிமுறையை வகுத்துவிட்டார்கள். சின்ன வாக்கியங்களை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துச் சொல்லவைப்போம், ஒவ்வொரு அசைக்கும் இடது கையைத் தட்டிக்கொண்டே. எல்லோருக்கும் பலிக்காது, பலித்தாலும் மாதக்கணக்காகும். இவர் முதலில் திரும்பப் பெற்றது "தண்ணி வேணும்". கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி என்னிடம், "தண்ணி கேக்கறதெல்லாம் சரிங்க. திட்டறதுக்கும் ஒரு மெட்டு சொல்லிக்கொடுங்க, இவர் திட்டாம வீடு வீடா இல்ல" என்றார்.

போட்டோம். நன்றாகவே திட்டுகிறார்.

பின்வரிசை ரசிகன்:

நான் டிக்கெட் வாங்கித் தூங்கப் போகிறவன். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு வந்த பழக்கம். வீட்டில் அமைதியாக இருந்தால்தான் தூக்கம் வராது. அடுத்து என்ன சத்தம் கேட்குமோ என்று காது விழித்தே கிடக்கும். அரங்கில் அத்தனை பேர் மேடையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியையும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் எதையும் காவல் காக்க வேண்டியதில்லை. மெதுவான பகுதி தொடங்கினால் கண் தானாகச் சொக்கிவிடும். குறட்டை விடுவதில்லை என்று பக்கத்து இருக்கைக்காரர் சாட்சி சொல்லியிருக்கிறார். இது உங்களுக்கு அவமரியாதையா?

இரண்டாம் வயலின்:

நிம்மதியாகத் தூங்குங்கள். எங்களுக்குத் தொல்லை தருவது மிட்டாய்க் காகிதத்தை ஓசை கேட்கக்கூடாதென்று மெதுவாக, நிமிடக்கணக்கில் பிரிப்பவர்கள்தான்.

டிராம்போன்:

நான் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிப்பவன். வாசிப்பவரிடம் என்ன தோன்றியது என்று கேட்டுப் பயனில்லை என்கிறாரே வயலின்காரர், அதில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. மூச்சு விட நேரமில்லாமல் வாசிப்பவர்களுக்கு வேண்டுமானால் அது சரி. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் முதல் சிம்பொனியில் எங்களுக்கு நான்காவது பகுதியில்தான் வேலை. அதுவரை அரை மணி நேரத்துக்கு மேல் கருவியை மடியில் வைத்துக்கொண்டு நாங்களும் உங்களைப்போலக் கேட்பவர்கள்தான். இரண்டாவது பகுதியின் கடைசியில் வரும் தனி வயலினைக் கேட்டு எனக்குப் பலமுறை தொண்டை அடைத்திருக்கிறது. எங்கள் முறை வரும்போது மூன்று டிராம்போன்களும் பூப்போல மெல்ல எடுக்க வேண்டும், அதுவும் காய்ந்துபோன உதட்டோடு. தொண்டை அடைத்துக்கொண்டால் ஊத முடியாது. அதனால் அந்தத் தனி வயலின் வரும்போது வேண்டுமென்றே வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன். போன தடவை மின்கட்டணத்தை நினைத்தேன். நன்றாக வேலை செய்தது.