பத்திரிகையாளரை விமர்சித்தால் எது அவதூறு?

கேள்வி:
ஒரு பத்திரிகையாளரின் கட்டுரைத் தொடரைக் கடுமையாக விமர்சித்து எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் வெளியிடவில்லை. அதில் "ஒருதலைப்பட்சமாக எழுதுகிறார்", "பேட்டிகளை இட்டுக்கட்டுகிறார்" என்று இரண்டு வரிகள். இரண்டாவதை எடுத்துவிடு என்கிறார் நண்பர். இரண்டுமே திட்டுதானே? முன்னால் "என் கருத்துப்படி" என்று போட்டால் போதாதா?

பதில்:
நண்பர் சொல்வது சரி. வார்த்தையின் காரத்தை விட, அதை உண்மையா பொய்யா என்று சரிபார்க்க முடியுமா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். பேட்டி நடந்ததா என்பதை ஒலிப்பதிவைக் கேட்டோ பேட்டி கொடுத்தவரை விசாரித்தோ கண்டுபிடித்துவிடலாம், ஒருதலைப்பட்சம் என்பது பெரும்பாலும் பார்வை. "என் கருத்துப்படி" காப்பாற்றாது. உள்ளே சரிபார்க்கக்கூடிய தகவல் ஒளிந்திருந்தால் அந்த முன்னுரைக்கு மதிப்பில்லை என்று 1990-லேயே மில்கோவிச் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதில்:
இதற்கு அளவெடுத்த மாதிரி ஒரு வழக்கு உண்டு, பக்லி எதிர் லிட்டெல், 1976. வில்லியம் பக்லி அமெரிக்காவில் பெயர்பெற்ற பத்தி எழுத்தாளர். அவரைப் பாசிசத்தின் சகபயணி என்ற ரீதியில் லிட்டெல் ஒரு புத்தகத்தில் எழுதியதை மேல்முறையீட்டு நீதிமன்றம் விட்டுவிட்டது, அரசியல் சண்டையில் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். மாட்டிக்கொண்டது வேறு வரி: இன்னொரு பத்தி எழுத்தாளரோடு ஒப்பிட்டு, இவரும் அவரைப் போலவே மற்றவர்களைப் பற்றிப் பொய் எழுதுகிறவர் என்று பொருள்படச் சொன்னது. பத்திரிகையாளருக்கு நம்பகத்தன்மைதானே பிழைப்பு. கடைசியில் பக்லிக்குக் கிடைத்தது இழப்பீடாக 1 டாலர், தண்டனைத் தொகையாக 1,000 டாலர். வக்கீல் காப்பிச் செலவுக்குக் காணுமா தெரியாது!

பதில்:
அமெரிக்காவை வைத்து எல்லா ஊரையும் எடைபோடாதீர்கள். அங்கே பிரபலமானவர் வழக்குப் போட்டால், எழுதியவர் பொய் என்று தெரிந்தே எழுதினார், இல்லை சந்தேகம் இருந்தும் துணிந்து எழுதினார் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் தலைகீழ். அவர் பெயருக்குப் பெரிய பாதிப்பு என்று காட்டிவிட்டால், எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். 2013 சட்டத்தில் நேர்மையான கருத்து என்ற தற்காப்பு இருக்கிறது, ஆனால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதைப் பொதுவாகவாவது எழுத்திலேயே காட்டியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சரி, இட்டுக்கட்டும் வரியை எடுத்துவிட்டேன். ஒருதலைப்பட்சம் என்ற இடத்தில், எந்தெந்தக் கட்டுரையில் எதிர்த்தரப்பைக் கேட்கவே இல்லை என்று இணைப்போடு சேர்த்திருக்கிறேன்.

பதில்:
அப்புறம் தலைப்பு? சாதாரண வாசகர் மொத்தத்தையும் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்றுதான் பார்ப்பார்கள், தலைப்பும் அதில் சேர்த்திதான்.

கேள்வி கேட்டவர்:
"புளுகுத் தொடர்" என்று வைத்திருந்தேன். மாற்றுகிறேன்.