7-க்கு மட்டும் மீதி ஏன் தப்பா வருது?

அரைக்கணக்கு:
9-க்கு இலக்கத்தை எல்லாம் கூட்டினா போதும், வகுபடுமாங்கறது மட்டும் இல்ல, மீதியும் அப்படியே வந்துடும், இத்தனை நாள் அதை வச்சே ஓட்டிட்டேன். 7-க்கு கடைசி இலக்கத்தை ரெட்டிப்பாக்கி மிச்ச நம்பர்ல கழிக்கற ரூல் இருக்குல்ல, அதுவும் இப்படித்தான்னு நினைச்சு 100-ஐ போட்டேன். 10 − 0 = 10, 7-ஆல வகுத்தா மீதி 3. ஆனா 100-க்கு மீதி 2 தானே? மூணு தடவை போட்டாச்சு. ரூல் தப்பா, நான் தப்பா?

பேனாவும்பேப்பரும்:
ரெண்டும் இல்லங்க. அந்த ரூல் வகுபடுமா படாதான்னு மட்டும்தான் சொல்லும், மீதிக்கு அது பொறுப்பில்ல. கடைசி இலக்கம் க, மிச்சம் ம-ன்னு வைங்க. நம்பர் 10ம + க. நீங்க செய்யறது ம − 2க. இதை 10-ஆல பெருக்கினா 10ம − 20க, நம்பர்ல இருந்து இதைக் கழிச்சா 21க, அது 7-ஓட மடங்கு, அதனால நம்பரோட மீதியும் புது விடையோட 10 மடங்குக்கு வர்ற மீதியும் ஒண்ணுதான். 10-ஐ 7-ஆல வகுத்தா மீதி 3, அப்ப நீங்க ஒவ்வொரு தடவை கழிக்கும்போதும் ஒரு 3 கழண்டு விழுது. உங்க 3-ஐ 3-ஆல பெருக்குங்க, 9, மீதி 2. வந்துடுச்சா?
9-க்கு இந்த வம்பே கிடையாது, 10, 100, 1000 எதை வகுத்தாலும் மீதி 1.

சும்மாவந்தேன்:
எதுக்கு கழிச்சுட்டு அப்புறம் பெருக்கணும், இடப்பக்கத்துல இருந்தே வாங்க. கையில இருக்கறதை 3-ஆல பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டுங்க, 7 தாண்டினா 7-ஐ தள்ளிடுங்க. 3652: 3, அப்புறம் 9 + 6 = 15 அதாவது 1, 3 + 5 = 8 அதாவது 1, 3 + 2 = 5. மீதி 5. பஸ்ல உக்காந்தே போடலாம்.

பழையநோட்டு:
பெரிய நம்பர்னா எனக்கு 1001 தான். 7 × 11 × 13 = 1001, அதனால வலப்பக்கத்துல இருந்து மூணு மூணா பிரிச்சு மாத்தி மாத்தி கூட்டிக் கழிச்சா மூணுக்கும் ஒரே அடியில மீதி கிடைக்கும். 4,52,816-ன்னு கமா போட்டு எழுதற பழக்கத்துல பிரிச்சுடாதீங்க, 452 | 816 தான்.

அரைக்கணக்கு:
452 − 816 = −364. 364 = 4 × 7 × 13, அதனால 7, 13 ரெண்டுலயும் வகுபடுது, சூப்பர். 11-க்கு மட்டும் மீதி 10 வருது, கால்குலேட்டர் 1-ங்குது 😩

பழையநோட்டு:
தலைகீழா கழிச்சிருக்கீங்க. வலக்கோடி மூணுதான் பிளஸ், 816 − 452 = 364, மீதி 1. வகுபடுமான்னு பாக்க எப்படிக் கழிச்சாலும் ஓகே, மீதி வேணும்னா ஆகாது.

அரைக்கணக்கு:
அட, மறுபடியும் மீதியிலயே விழுந்திருக்கேன் 😅