43 வயசு, டேங்கர்ல சீஃப் இன்ஜினியர். கப்பலை விட்டுட்டு ஊர்ல இருந்துடலாமா? வந்து பாத்தவங்க சொல்லுங்க

கேள்வி: இன்ஜின்ரூம்தூத்துக்குடி

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி, கப்பலுக்கு போக ஆரம்பிச்சு 20 வருஷம் ஆச்சு, சீஃப் ஆகி 6 வருஷம். ஆயில் டேங்கர், மாசம் 11,500 டாலர், ஆனா கப்பல்ல இருக்கற மாசத்துக்கு மட்டும் தான். வருஷத்துக்கு ஏழு மாசம் கடல்ல, மீதி வீட்டுல. பொண்ணு பத்தாவது, பையன் மூணாவது. வீட்டுக்காரம்மா முன்னாடி டீச்சரா இருந்தாங்க, பையன் பொறந்ததும் விட்டுட்டாங்க. அம்மா எங்க கூட தான், முழங்கால் ஆபரேஷன் ஆகி மெதுவா தான் நடக்காங்க.

போன மாசம் சைன் ஆஃப் ஆகி (காண்ட்ராக்ட் முடிஞ்சு இறங்கி) சிங்கப்பூர் வழியா வந்தேன், ஏர்போர்ட்ல பையனுக்கு ஒரு ஷூ வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா ரெண்டு சைஸ் சின்னது. அவன் ஒண்ணும் சொல்லல, "பரவால்லப்பா"ன்னு எடுத்து உள்ள வச்சுட்டான். அழுதிருந்தா கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.

2020ல கொரோனா நேரத்துல எனக்கு பதிலா ஏற வேண்டிய ரிலீவர் வர முடியாம நாலு மாச காண்ட்ராக்ட் ஒம்பது மாசம் ஆச்சு, அப்பவும் இதே யோசனை வந்துச்சு, அப்புறம் சம்பளம் வந்ததும் மறந்து போச்சு. அப்போல்லாம் நெட் சரியா கிடைக்காது, பேச முடியலன்னா ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப கப்பல்ல ஸ்டார்லிங்க் சாட்டிலைட் நெட் வந்துருச்சு, வீட்டுல இருக்கற வைஃபையை விட நல்லா வருது, வீடியோ கால் போட்டா பொண்ணு ரெண்டு நிமிஷத்துல "அப்பா நெட்வொர்க் கட் ஆகுது"ன்னு வச்சுடுறா. எந்த நெட்வொர்க் கட் ஆகுதுன்னு எனக்கு தெரியாதா.

கையில இருக்கறது: என்ஆர்ஈ டெபாசிட் (வெளிநாட்டு சம்பாத்தியத்தை போடற கணக்கு) 1.5 கோடி, மியூச்சுவல் ஃபண்ட் 80 லட்சம், எல்ஐசி தங்கம் எல்லாம் சேத்து ஒரு 30 லட்சம். ஆக 2.6 கோடி. வீடு சொந்தம், கடன் இல்ல. மாச செலவு ஒரு லட்சம் ஆகும்னு நினைக்கேன். பாரின் ஃபிளாக் (வெளிநாட்டுல பதிவான) கப்பல், பிஎஃப் பென்ஷன் எதுவும் கிடையாது.

அடுத்த ஜாயினிங் பிப்ரவரின்னு கப்பலுக்கு ஆள் அனுப்பற மேனிங் ஆபீஸ்ல சொல்றாங்க, பொண்ணுக்கு மார்ச்ல பப்ளிக் எக்ஸாம். இத்தோட நிறுத்திடலாமான்னு இருக்கு. கூட இருக்கறவன்லாம் "50 வரைக்கும் ஓட்டுலே, அப்புறம் ராஜா மாதிரி இருக்கலாம்"ங்கான். 50ல பொண்ணு வீட்டுல இருக்க மாட்டா. விட்டுட்டு வந்தவங்க யாராவது இருந்தா உண்மையை சொல்லுங்க.

---

பதில்: சூப்ரின்டெண்டெண்ட்_அவஸ்தை

சீஃப், முதல்ல ஒண்ணு. "ஷோர் ஜாப்க்கு (கரையில வேலைக்கு) போறேன், குடும்பத்தோட இருப்பேன்"னு மட்டும் கணக்கு போடாதீங்க, நான் அந்த கணக்கு போட்டவன். 41ல டெக்னிக்கல் சூப்ரின்டெண்டெண்டா (ஆபீஸ்ல இருந்து கப்பல் ரிப்பேர், பராமரிப்பை பாக்கற வேலை) சிங்கப்பூர் போனேன், குடும்பத்தையும் கூட்டிட்டு தான் போனேன். கப்பல்ல இருந்தப்ப எனக்கு ஒரு கப்பல், இப்ப அஞ்சு கப்பல். பிரேசில்ல ஒரு ஜெனரேட்டர் நின்னா எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு போன். டிரை டாக்னா (கப்பலை தண்ணியை விட்டு ஏத்தி ரிப்பேர் பாக்கறது) சைனாவுல ஒரு மாசம். எண்ணெய் கம்பெனிங்க பண்ற வெட்டிங் இன்ஸ்பெக்ஷன்ல ரிமார்க் விழுந்தா லீவு கேன்சல். கப்பல்ல இருந்து சைன் ஆஃப் ஆனா போனை அணைச்சு வச்சுட்டு மூணு மாசம் நிம்மதியா இருக்கலாம்ல, அந்த மூணு மாசமும் போச்சு.

ஒரே வீட்டுல இருந்தோம், அது உண்மை. ஆனா சாப்பாட்டு மேசையில நான் பாதி நேரம் போன்ல தான். பையன் ஒரு தடவை அவன் ஃபிரண்டு கிட்ட "எங்கப்பா ஆபீஸ்ல இருக்காரு, அந்த ரூம்ல"ன்னு சொன்னான், அந்த ரூம்னா எங்க பெட்ரூம். சம்பளம் நல்ல சம்பளம், குறை சொல்லல. நீங்க கேக்கறது அது இல்லேன்னா அந்த பக்கம் வராதீங்க.

---

பதில்: இறால்பண்ணை_முன்னாள்

தம்பி, நானும் சீஃப் தான், 2019ல 46 வயசுல மொத்தமா விட்டுட்டு வந்தேன், பக்கத்து ஊர் தான். நடந்ததை அப்படியே சொல்றேன்.

முதல் ரெண்டு மாசம் சொர்க்கம். மூணாவது மாசம் வீட்டுல எல்லாத்துலயும் நான் குறை கண்டுபிடிக்க ஆரம்பிச்சேன். மோட்டார் ஏன் இவ்வளவு நேரம் ஓடுது, லைட்டை யார் அணைக்காம விட்டா, கேஸ் புக் பண்ண தேதியை ஏன் எழுதி வைக்கல. இன்ஜின் ரூம் ரவுண்ட்ஸ் போற மாதிரி வீட்டை சுத்தி வருவேன். ஒரு நாள் உங்க மதினி சொன்னா, "நீங்க லீவுல வர்றப்ப விருந்தாளி, பொறுத்துக்கிட்டேன். இப்ப எந்த நாள் கிளம்புவீங்கன்னு சொல்லுங்க". விளையாட்டுக்கு தான் சொன்னா, ஆனா முழுசா விளையாட்டு இல்ல. 15 வருஷம் அவ தனியா ஓட்டின வீடு அது, பேங்க், ஸ்கூல், ஆஸ்பத்திரி, எலக்ட்ரீசியன் நம்பர் வரைக்கும் அவ கையில. நான் எங்க போய் நிக்கணும்னு எனக்கே தெரியல.

அடுத்து சொந்தக்காரங்க. கப்பல்காரன் ஊரோட வந்துட்டான்னா கையில மூட்டையா பணம் வச்சிருக்கான்னு தான் அர்த்தம். மச்சான் ஒருத்தர் இறால் பண்ணை போடலாம்னார், வெள்ளை இறால், நாலு மாசத்துல பிடிச்சிடலாம், ஏற்றுமதின்னார். சும்மா இருக்க முடியாம நானும் இறங்கினேன். ரெண்டாவது பட்டத்துல வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் முழுக்க போச்சு, 22 லட்சம். நோயை குத்தம் சொல்ல மாட்டேன், இறாலை பத்தி எனக்கு என்ன தெரியும், ஏரேட்டர் மோட்டாரை பத்தி தான் தெரியும். வந்த முதல் வருஷம் எந்த தொழில்லயும் காசு போடாத தம்பி, யார் கேட்டாலும் எல்லாம் டெபாசிட்ல லாக் ஆயிருக்குன்னு சொல்லிரு.

இப்ப ஒரு மரைன் காலேஜ்ல பாடம் எடுக்கேன். காலையில போய் சாயங்காலம் வந்துடுவேன், சம்பளம் கப்பல்ல ஒரு வாரத்துல வாங்கினதை விட கம்மி, ஆனா மனசு நிலையா இருக்கு. ஒரே ஒரு வருத்தம், சிஓசியை (கப்பல்ல இன்ஜினியரா வேலை பாக்க வேண்டிய தகுதி சர்டிபிகேட்) காலாவதி ஆக விட்டுட்டேன். 5 வருஷத்துல 12 மாசம் கடல் சர்வீஸ் காட்டினா ரினியூ பண்ணிடலாம், அப்ப திமிர்ல "இனி கப்பல் பக்கமே தலை வச்சு படுக்க மாட்டேன்"னு இருந்துட்டேன். பண்ணையில காசு போனப்ப ஒரு காண்ட்ராக்ட் அடிச்சிருந்தா ரெண்டே மாசத்துல சரி பண்ணியிருப்பேன், முடியல. நீ அதை மட்டும் விட்டுராத.

---

பதில்: கணக்குப்புள்ள

நான் கப்பல்காரன் இல்ல, ஆடிட் ஆபீஸ்ல வேலை, கப்பல்காரங்க ஃபைல் நிறைய பாக்கறோம், அதனால காசு பக்கம் மட்டும் பேசறேன்.

வருஷ செலவு 12 லட்சம்னா உங்க 2.6 கோடி சுமார் 22 மடங்கு. எல்லாரும் 25 மடங்கு போதும்னு சொல்றது 1994ல பெங்கன்னு ஒரு அமெரிக்க ஆலோசகர் போட்ட 4 சதவீத கணக்குல (சேமிப்புல வருஷம் 4 சதவீதம் எடுத்து செலவு பண்ணலாம்ங்கறது) இருந்து வந்தது, அது அமெரிக்க சந்தை, அதுவும் 30 வருஷத்துக்கு. உங்களுக்கு 43 வயசு, 40 வருஷத்துக்கு மேல பாக்கணும், இங்க விலைவாசி வேற. 6 சதவீதம் ஏறினா 12 வருஷத்துல செலவு டபுள், அதாவது நீங்க 55ல இருக்கப்ப இதே வாழ்க்கைக்கு 24 லட்சம் வேணும். வருஷம் 3 சதவீதம் மட்டும் எடுக்கறதுன்னா 4 கோடி தேவை. இதுல பொண்ணு காலேஜ் செலவு சேரல. ஆக மொத்தமா கையை கட்டிட்டு உக்காந்தா பத்தாது.

ஆனா மாசம் 60,000 வர்ற மாதிரி பக்கத்துல ஒரு வேலை இருந்தா வருஷம் 7.2 லட்சம் அங்க வந்துடும், சேமிப்புல இருந்து 4.8 லட்சம் எடுத்தா போதும், அது ரெண்டு சதவீதம் கூட இல்ல. அப்ப படம் வேற.

இன்னொண்ணு, எல்லா கப்பல்காரங்களும் மாட்டிக்கிட்டு இருக்கற, வருஷத்துல 184 நாள் வெளியில இருக்கணும்ங்கற பயம். வருஷத்துல 182 நாளுக்கு கம்மியா இந்தியாவுல இருந்தா தான் என்ஆர்ஐ, சம்பளத்துக்கு வரி இல்ல, அதனால ஏழு மாசம் போயே ஆகணும்னு நினைக்கறாங்க. நாலு மாசம் மட்டும் போனா என்ன ஆகும்னு ஒருத்தரும் பேப்பர்ல போட்டு பாக்கறதில்ல. 46,000 டாலர், 85 ரூபான்னு வச்சா 39 லட்சம். புது வரி முறையில சம்பளத்துக்கு சுமார் ஏழரை லட்சம், டெபாசிட் வட்டிக்கும் சேத்து போட்டா 11 லட்சத்துக்கு கொஞ்சம் கீழ. கட்டிட்டு பாருங்க, சம்பளத்துல மட்டும் 28 லட்சம் நிக்குது. உங்க செலவுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. வரி கட்டக்கூடாதுங்கறதுக்காக மூணு மாசம் கூடுதலா கடல்ல இருக்கறது நல்ல டீலான்னு நீங்களே சொல்லுங்க. (எங்க சீனியர் இதை படிச்சா என்னை அடிப்பார்.)

மொத்தமா திரும்பி வந்தா என்ஆர்ஈ கணக்கை சாதா கணக்கா மாத்தணும், வட்டிக்கு வரி வரும், தெரியாம அப்படியே விட்டவங்களுக்கு பின்னாடி நோட்டீஸ் வந்திருக்கு. ரொம்ப வருஷம் விடாம என்ஆர்ஐயா இருந்திருந்தா முதல் ரெண்டு வருஷத்துக்கு ஆர்என்ஓஆர்னு ஒரு இடைப்பட்ட நிலை கிடைக்க வாய்ப்பு உண்டு, உங்க பழைய ரிட்டர்னை எல்லாம் எடுத்துட்டு நல்ல ஆடிட்டரை பாருங்க.

ஹெல்த் இன்ஷூரன்ஸ் சொந்தமா இருக்கா? கம்பெனி கவர் நின்னுடும். ஏற்கனவே இருக்கற சுகர் பிரஷருக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க, அதனால கப்பல்ல இருக்கப்பவே எடுத்துடுங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல.

---

பதில்: கப்பல்காரர்_மகள்

அங்கிள், உங்க பொண்ணு பக்கம் யாரும் பேசல, அதான் எழுதறேன். எங்கப்பா நான் ப்ளஸ் ஒன் படிக்கறப்ப மொத்தமா வந்தார். அதுக்கு முன்னாடி அப்பான்னா சூட்கேஸ், சாக்லேட், ஒரு மாதிரி சோப்பு வாசனை, அவ்வளவு தான். வந்ததும் திடீர்னு எங்க போற எப்ப வருவேன்னு கேள்வி, எனக்கு அப்படி ஒரு கோவம், இத்தனை நாள் இல்லாதவர் இப்ப என்னன்னு. ஆறு மாசம் சரியா பேசல.

அப்புறம் டியூஷனுக்கு தினமும் அவர் தான் வண்டியில கொண்டு விட்டார். வண்டியில பின்னாடி உக்காந்தா முகத்தை பாக்க வேண்டாம்ல, அதனால பேச ஈசியா இருந்துச்சு. ஒண்ணுமே இல்லாத பேச்சு தான், ஸ்கூல்ல கிடைக்கற சாப்பாடு பத்தி, கப்பல்ல ஒரு குக் சாம்பார்ல சீனி போட்டது பத்தி. நீங்க எக்ஸாமுக்கு வீட்டுல இருந்தா அவளுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கறேன்னு மட்டும் உக்காந்துடாதீங்க ப்ளீஸ். டீ போட்டுக் குடுங்க, கொண்டு விடுங்க, போதும்.

---

கேள்வி கேட்டவர்: இன்ஜின்ரூம்தூத்துக்குடி

எல்லாருக்கும் நன்றி, அண்ணாச்சி நீங்க ரவுண்ட்ஸ் போனதை படிச்சுட்டு வீட்டுக்காரம்மா கிட்ட காட்டினேன், "இதை எழுதினது நீங்க தானே"ன்னு கேட்டாங்க. நேத்து நான் ஃபிரிட்ஜ் கேஸ்கெட்டை கழட்டிப் போட்டதுக்கு அந்த பதில்.

கணக்குப்புள்ள சார், நீங்க போட்ட கணக்கை வச்சு ராத்திரி அவங்க கிட்ட பேசினேன். மாசம் ஒரு லட்சம்னு சொன்னதும் சிரிச்சுட்டு உள்ள போய் ஒரு நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. எட்டு வருஷமா மாசா மாசம் எழுதி வச்சிருக்காங்க, எனக்கு அப்படி ஒரு நோட்டு இருக்கறதே தெரியாது. ஸ்கூல் ஃபீஸ், ரெண்டு டியூஷன், அம்மாவுக்கு பிசியோதெரபி, கோயில் கொடை, அவங்க தம்பி கல்யாணத்துக்கு செஞ்சது எல்லாம் பிரிச்சு போட்டா மாசம் சராசரி 1,38,000. நான் தான் இந்த வீட்டுக்கு சம்பாதிக்கேன், 38,000 ரூபா எங்க போகுதுன்னு எனக்கு தெரியல. 2.6 கோடிங்கறது 16 மடங்கு கூட வரல. மொத்தமா விடறது இப்போதைக்கு இல்ல.

அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க, "எனக்காக வர்றேன்னு சொல்லாதீங்க, நான் பழகிட்டேன். வந்தா நான் பி.எட் முடிச்சு வச்சிருக்கேன், மறுபடி வேலைக்கு போவேன், காலையில பிள்ளைங்களை கிளப்பறது உங்க டியூட்டி". இதை நான் எதிர்பார்க்கல. ராத்திரி பூரா தூங்கல, சந்தோஷத்துலயா பயத்துலயான்னு தெரியல.

மேனிங் ஆபீஸ்க்கு இன்னைக்கு போன் போட்டு பிப்ரவரி முடியாது, ஏப்ரல்ல எக்ஸாம் முடிஞ்சு தான்னு சொல்லிட்டேன். கொஞ்சம் முறைச்சாங்க, "வேற சீஃப் இருக்காங்க சார்"னாங்க, இருக்கட்டும்னேன். வருஷத்துக்கு ஒரே காண்ட்ராக்ட்னு பேசிப் பாக்கப் போறேன், ஒத்துக்கலன்னா அப்படி ஒத்துக்கற கம்பெனி எதுன்னு இங்க தான் வந்து கேப்பேன்.

அண்ணாச்சி, காலேஜ்ல பாடம் எடுக்க கிளாஸ் ஒன் (சீஃப் இன்ஜினியர்) சர்டிபிகேட் மட்டும் போதுமா இல்ல தனியா ட்ரெயினிங் கோர்ஸ் ஏதும் பண்ணணுமா? லீவுல இருக்கப்பவே முடிச்சு வச்சுக்கலாம்னு பாக்கேன். அப்புறம் அந்த ஷூவை பக்கத்து வீட்டு பையனுக்கு குடுத்தாச்சு, சரியா இருக்காம்.

---

பதில்: இறால்பண்ணை_முன்னாள்

கோர்ஸ் உண்டு தம்பி, ஒண்ணும் கஷ்டம் இல்ல, கிளாஸ்ல நிக்க பழக்குவாங்க. விவரம் தனியா அனுப்பறேன். கேஸ்கெட்டை மாட்டிட்டியா?

---

கேள்வி கேட்டவர்: இன்ஜின்ரூம்தூத்துக்குடி

இல்ல அண்ணாச்சி, ஸ்பேர் கிடைக்கல.