கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே நாயினமா, இரண்டா?

சாத்தூரான்:
கன்னி நாய்க்குட்டி வாங்கப் போன நண்பரிடம், "இது சலூக்கி என்ற அரபு வேட்டை நாய் வழி வந்த தனி இனம், சிப்பிப்பாறையோடு சேர்த்துப் பேசாதீங்க" என்று சொல்லியே விலையை ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் ஒரு செவலைச் சிப்பிப்பாறைப் பெட்டை ஆறு குட்டி போட்டது. தகப்பனும் செவலைதான். நான்கு குட்டி செவலை, இரண்டு கருப்பு. அந்த இரண்டுக்கும் கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு, நெஞ்சிலும் காலிலும் பழுப்பு. அச்சு அசல் கருங்கன்னி! தாத்தா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "செவலையில கன்னி விழத்தான் செய்யும்" என்றார். இனம் ஒன்றுதான், நிறம்தான் இரண்டு என்பது என் கட்சி.

கரிசல் அண்ணாச்சி:
தம்பி, முப்பது வருசமாகக் கன்னி வளர்க்கிறேன், இதை ஒப்புக்கொள்ள முடியாது. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த ஊர்ப் பெயருக்குச் சந்தையில் மவுசு வந்ததும், மெலிந்த நாய் எல்லாமே சிப்பிப்பாறை ஆகிவிட்டது. கன்னியைக் கல்யாணப் பெண்ணோடு சீர்வரிசையாக அனுப்புவார்கள், பெயரே அதனால் வந்தது என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். என் கன்னிகள் புது ஆளைக் கண்டால் ஒதுங்கி நிற்கும். வீட்டு ஆளை விட்டு நகராது. ஒன்றுதான் ஒன்றுதான் என்று பேசிப் பேசியே இரண்டையும் கலந்துவிட்டார்கள். இப்போது சுத்தமான கருங்கன்னி ஜோடி தேடி நான் எத்தனை ஊர் அலைகிறேன் தெரியுமா?

கால்நடை மாணவி:
சாத்தூரான் சொன்ன ஈத்தில் அதிசயம் எதுவும் இல்லை. கருப்பு உடம்பில் பழுப்புப் பொட்டு வரும் நிறம் ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி கிடைத்தால்தான் வெளியே தெரியும். செவலை அதை மறைத்துவிடும். அந்தப் பிரதியை உள்ளே வைத்திருக்கும் இரண்டு செவலைகள் சேர்ந்தால் சராசரியாக நான்கில் ஒன்று இப்படிப் பிறக்கும்.

கரிசல் அண்ணாச்சி:
அப்போ நான் சொன்னதுதானே சரி? அந்தச் செவலைகளுக்குள் கருப்பு எப்படிப் போனது? முன்னால் எவனோ கன்னியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான்.

கால்நடை மாணவி:
அப்படியும் நடந்திருக்கலாம் அண்ணாச்சி. ஆதியிலிருந்தே ஒரே கூட்டத்தில் இரண்டு நிறமும் இருந்திருக்கலாம். நிறத்தை மட்டும் வைத்து இரண்டில் எது என்று தீர்க்க முடியாது.

சாத்தூரான்:
கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகம் முதலில் பதிவு செய்த நாயினங்கள் மூன்றுதான்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல். கன்னி அதில் இல்லையே?

கரிசல் அண்ணாச்சி:
கோம்பை நாயும்தான் அந்த மூன்றில் இல்லை. அதற்காகக் கோம்பை தனி இனம் இல்லை என்பீர்களா? யார் விண்ணப்பித்தார்கள், யாரிடம் விவரம் இருந்தது என்பதைப் பொறுத்தது அது.

வைப்பாற்றுக்கரை:
சலூக்கி விஷயத்தை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கப்பல் கப்பலாகக் குதிரை வந்தபோது கூடவே நாய் வந்திருக்காதா? நீண்ட முகம், ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு என்று சலூக்கிக்கும் கன்னிக்கும் உருவம் ஒன்றாக இருக்கிறதே!

கால்நடை மாணவி:
குதிரை வந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது, நாய்க்கு நீங்கள் ஒன்றும் காட்டவில்லை. உருவத்தை நம்பியும் முடிவுக்கு வர முடியாது. 2004ல் 85 இனங்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வில் சலூக்கி பழைய இனங்களின் கூட்டத்தில் நின்றது. அதே உருவம் கொண்ட கிரேஹவுண்ட், ஆட்டுமந்தை மேய்க்கும் கோலி நாய்களின் பக்கம் போய்ச் சேர்ந்தது. திறந்த வெளியில் முயலைத் துரத்த எந்த நாட்டு மனிதன் தேர்ந்தெடுத்தாலும் உடம்பு இந்த வாட்டத்துக்குத்தான் வரும். ஃபாரோ ஹவுண்ட் கதை இன்னும் பெரிய பாடம். எகிப்து மன்னர்களின் நாய் என்று உலகமே நம்பியது. அது மால்டா தீவில் முயல் பிடிக்கும் நாய். உள்ளூரில் அதன் பெயரே முயல் நாய் என்றுதான் பொருள்படும். அந்த 2004 ஆய்வில் அது பழைய கூட்டத்தில் வரவில்லை, பிற்கால ஐரோப்பிய இனங்களோடுதான் சேர்ந்தது.

சாத்தூரான்:
நம் மண்ணில் வேட்டை நாய்க்கு வெளியூர் தகப்பன் தேட வேண்டிய அவசியம் என்ன? புறநானூறு 33ஆம் பாட்டிலேயே கதநாயோடு, அதாவது சினமுள்ள நாயோடு, வேட்டுவன் வருகிறான். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், இரண்டு கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயின் உருவத்தையே செதுக்கியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் பொறித்து வைத்த ஊர் நம்முடையது. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வைப்பாற்றுக்கரை:
எனக்கும் அது பெருமைதான். ஆனால் கோவிவன் காவல் நாய். புறநானூற்று நாயின் உடல்வாகு எப்படி என்று பாட்டில் இல்லை. அதை இன்றைய கன்னியோடு முடிச்சுப் போட்டால், நான் சலூக்கிக்குச் செய்த அதே தவறை நீங்கள் இந்தப் பக்கம் செய்கிறீர்கள்.

சாத்தூரான்:
சரி, அது நியாயம். ஆனால் நிறத்தை வைத்துப் பிரித்துப் பிரித்து ஜோடி சேர்ப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. ராஜபாளையத்தைப் பாருங்கள், வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில் காது கேட்காத குட்டிகள் பிறக்கின்றன.

கால்நடை மாணவி:
காரணமும் தெளிவானது. நிறமிச் செல்கள் உட்காதிலும் வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் அழிந்துவிடும். கருங்கன்னிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இருக்கிற கொஞ்சம் நாய்களையும் இரண்டாகப் பிரித்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும்தான் ஜோடி சேர்க்க வேண்டிவரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிடையாது, இருக்கவும் கூடாது. ஓட்டம் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் போய், இப்போது தோலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

கரிசல் அண்ணாச்சி:
என் கருங்கன்னியைச் செவலையோடு சேர்க்க மாட்டேன் தாயி, அதில் மாற்றமில்லை. ஆனால் என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த ஈத்து, எந்தக் கடுவன், எத்தனை குட்டி, என்ன நிறம், யாரிடம் போனது என்று ஆரம்பத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். சாத்தூர்த் தம்பியும் அந்த ஆறு குட்டியும் எங்கெங்கே போயின என்று விசாரித்து எழுதட்டும். அப்புறம் பேசுவோம்.