பெரிய ஸ்பார்க் மெஷின் வாங்கும் முன் எதை அளந்து பார்க்க வேண்டும்?

அம்பத்தூர் டூல்ரூம் (கேள்வி)

வணக்கம். அம்பத்தூரில் பிளாஸ்டிக் மோல்டு செய்யும் டூல்ரூம் ஒன்றை நடத்திவருகிறேன். இதுவரை 600 மி.மீ. நீளத்துக்குள் அடங்கும் வேலைகளையே எடுத்துவந்தோம். இப்போது கார் கதவின் உட்புற டிரிம் பேனல்களுக்கு ஆர்டர் வரத் தொடங்கியிருக்கிறது. கேவிட்டி கட்டையின் (பேனலின் வடிவம் குழியாக அமையும் மோல்டுப் பகுதி) அளவு 1600 × 1000 × 700 மி.மீ.; பி20 என்ற மோல்டு ஸ்டீல்; எடை ஏறக்குறைய 9 டன். மில்லிங்கை நாங்களே முடித்துவிடுகிறோம், ஸ்பார்க் வேலையை, அதாவது எண்ணெயில் மூழ்கிய ஸ்டீலை எலக்ட்ரோடு என்ற அச்சிலிருந்து பாயும் மின்பொறியால் அரித்து வடிவம் எடுக்கும் ஈடிஎம் வேலையை, வெளியே கொடுக்கிறோம். அந்தக் கட்டையை டிரெய்லரில் ஏற்றி இறக்கி, அங்கே வரிசையில் காத்திருந்து, வாடிக்கையாளரிடம் தேதி தவறி நிற்பது வழக்கமாகிவிட்டதால் சொந்தமாகவே ஒரு பெரிய மெஷின் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம்.

இரண்டு கொட்டேஷன்கள் கையில் இருக்கின்றன. இரண்டிலும் எக்ஸ் 1500, ஒய் 800, இசட் 600 மி.மீ. ஓட்டம், டேபிள் 10 டன் தாங்கும். விலை குறைந்ததில் 200 ஆம்பியர் ஜெனரேட்டர் இருக்கிறது, விலை கூடியதில் 100 ஆம்பியர்தான். விற்பனையாளர் ஆம்பியரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். பெரிய மெஷின் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் எதைப் பார்த்து வாங்கினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கிராஃபைட் தூசி

ஐயா, ஆம்பியரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மோல்டில் ஸ்பார்க்குக்கு விடவேண்டிய இடங்களை மட்டும் டிராயிங்கில் சிவப்பு மையால் தீட்டிப் பாருங்கள். திறந்த முகப்புகளையெல்லாம் மில்லிங் முடித்துவிடும். மிஞ்சுவது ஆழமான ரிப் (பேனலுக்கு வலு தரும் மெல்லிய விலாவுக்கான பள்ளம்), கிளிப்பும் திருகும் பிடிக்கும் கிளிப் டவர், ஸ்க்ரூ பாஸ், கட்டர் நுழையாத மூலை ஆகியவைதான். ரிப்பின் நுனி 1.2 மி.மீ. தடிமனும் 80 மி.மீ. நீளமும் என்றால் அதன் பரப்பு ஒரு சதுர செ.மீ.கூட வராது. கிராஃபைட்டுக்குச் சதுர செ.மீ. ஒன்றுக்குச் சுமார் 10 ஆம்பியர் என்ற வழக்கமான கணக்கின்படி அந்த ரிப்புக்கு 10 ஆம்பியருக்கு மேல் கொடுக்கவே முடியாது. நீங்கள் வாங்கப்போவது பெரிய கட்டைக்குள் சின்ன வேலை செய்யும் மெஷின் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

முதல் கேள்வி, டேபிளுக்கும் எலக்ட்ரோடைப் பிடிக்கும் சக்குக்கும் இடையே எவ்வளவு உயரம் கிடைக்கிறது என்பது. கட்டை 700, அடியில் பேரலல் (தாங்கு கட்டை) 50, ஹோல்டருடன் எலக்ட்ரோடு 250 என்று வைத்தால் கட்டையின் மேல்முகத்தைத் தொடும் நிலையிலேயே 1000 மி.மீ. போய்விடுகிறது. அதற்கு மேல் எலக்ட்ரோடு முழுவதுமாக விலகி நகரவும், டூல் சேஞ்சர் கைநீட்டி எடுக்கவும் குறைந்தது 100 மி.மீ. வேண்டும். கேட்லாக்கில் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் பிளாட்டன் (சக் மாட்டும் தலைப்பலகை) வரையிலான உயரம். சக் அதற்குக் கீழேதான் தொங்கும். ஆகவே கேட்லாக்கை நம்பாமல், சக் மாட்டிய மெஷினில் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

இரண்டாவது, தொட்டியின் ஆழம். ஸ்பார்க் நடக்கும் இடத்துக்கு மேல் குறைந்தது 50 மி.மீ. எண்ணெய் நிற்கவேண்டும். உங்கள் கணக்குக்கு 800 மி.மீ. வரை எண்ணெய் ஏறாத தொட்டி பயன்படாது. 10 டன் தாங்கும் டேபிளைக் கொடுத்துவிட்டு 650 மி.மீ. ஆழத் தொட்டியை வைத்திருக்கும் மெஷின்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஜம்ப். ஆழமான ரிப்பில் கரியை வெளியே தள்ளுவதற்கு நம்பகமான வழி எலக்ட்ரோடு வேகமாக மேலே எழுந்து இறங்குவதுதான். பக்கவாட்டில் குழாய் வைத்துப் பீய்ச்சினால் ஒரு பக்கம் மட்டும் கழுவிக்கொண்டு போகும். நிமிடத்துக்கு 20 மீட்டர் ஜம்ப் என்று விளம்பரம் செய்வார்கள். ஆனால் முடுக்கம் (வேகம் கூடும் விகிதம்) 1 மீ/வி² அளவில் மட்டும் இருந்தால் அந்த வேகத்தை எட்டவே 55 மி.மீ. தூரம் தேவைப்படும், நம்முடைய ஜம்போ 10 மி.மீ. உயரம்தான். எனவே உச்ச வேகத்தைக் கேட்காமல் முடுக்கத்தைக் கேளுங்கள். லீனியர் மோட்டார் (திருகு இல்லாமல் நேராக நகர்த்தும் மோட்டார்) மெஷின்களை விரும்புபவர்கள் அவற்றை விரும்புவது இதற்காகவே. நல்ல பால் ஸ்க்ரூ (திருகுத் தண்டால் நகரும்) மெஷினும் செய்யும், ஆனால் செய்து காட்டச் சொல்லவேண்டும்.

ஓசூர் டைகாஸ்டிங்

மேலே சொன்னவற்றில் ஆம்பியர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. அலுமினியம் டை காஸ்டிங் டைகளில் தேய்ந்த பகுதியை வெல்டு வைத்து நிரப்பிவிட்டு, கடினமாக்கிய எச்13 (வெப்பம் தாங்கும் டை ஸ்டீல்) கட்டையில் ஒரு முகம் முழுவதையும் மறுபடி ஸ்பார்க்கில் இறக்கும் வேலை எங்களுக்கு அடிக்கடி வரும். அங்கே 80, 100 ஆம்பியர் வீணாவதில்லை. டிரிம் பேனல் மோல்டு செய்பவருக்கு அது தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவேளை நீங்களும் டை வேலை எடுக்க நேர்ந்தால் ஸ்பார்க் விட்டுச்செல்லும் வெள்ளை அடுக்கை (உருகி உறைந்த கடினமான மேல்தோல்) மறக்கவேண்டாம். அதைக் கல் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, கடைசி டெம்பரிங்கைவிட (சூடாக்கிப் பதப்படுத்துவது)ச் சுமார் 25 டிகிரி குறைவான வெப்பத்தில் ஒருமுறை டெம்பர் செய்யாவிட்டால் டையில் வெப்பக் கீறல்கள் சீக்கிரமே வந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வெப்பநிலையைப் பற்றி. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11 முதல் 12 மைக்ரான் விரியும். மே மாதத்தில் 36 டிகிரி ஷெட்டிலிருந்து கொண்டுவந்த 1600 மி.மீ. கட்டையை 25 டிகிரி எண்ணெயில் இறக்கி உடனே புரோப் செய்தால் (தொட்டு இடம் அளந்தால்), அது குளிர்ந்து முடிப்பதற்குள் இரண்டு முனைகளுக்கும் இடையே 0.2 மி.மீ. சுருங்கிவிடும். காலையில் போட்ட ரிப்பும் இரவில் போட்ட ரிப்பும் ஏன் சேரவில்லை என்று தேடித் தேடி ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்கு இது புரிந்தது. இப்போது கட்டையை மாலையில் எண்ணெயில் மூழ்கவைத்து மறுநாள் காலையில்தான் செட்டிங் எடுக்கிறோம். எனவே எண்ணெய்க்குச் சில்லர் கொடுக்கிறார்களா, அத்தனை எண்ணெயையும் அது குளிர்விக்குமா என்று பாருங்கள். ஒற்றைத் தூண் மெஷினா இரட்டைத் தூண் மெஷினா என்பதைப் பொறுத்து ஸ்பார்க் மெஷின்களின் துல்லியச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 11090 தரநிலையின் முதல் பாகத்தையோ இரண்டாம் பாகத்தையோ பர்ச்சேஸ் ஆர்டரில் குறிப்பிட்டு, சோதனை அறிக்கையை உங்கள் தளத்தில் மெஷினை நிறுத்திய பிறகு எடுக்கவேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். தொழிற்சாலையில் எடுத்த அறிக்கை, 9 டன் ஏற்றிய உங்கள் ஃபவுண்டேஷனைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இரவு ஷிஃப்ட்

நான் மெஷின் ஓட்டுபவன். தொட்டி ஆழத்தைப் பற்றி மேலே அண்ணன் சொன்னதன் மறுபக்கத்தைச் சொல்கிறேன். முன்பு நான் வேலை செய்த கடையில் தொட்டியைவிட உயரமான கட்டை ஒன்று வந்துவிட்டது. எண்ணெய் மேல்முகத்தை எட்டாததால் மிதவை ஸ்விட்ச் மெஷினை ஓடவிடவில்லை. அந்த மிதவையை யாரோ கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டு, குழாயில் எண்ணெயைப் பீய்ச்சியபடியே ஓட்டினார்கள். நள்ளிரவுக்குப் பிறகு குழாய் விலகியதும் எலக்ட்ரோடைச் சுற்றி நீல நிறத்தில் தீ எழுந்தது. நான் பக்கத்து மெஷினில் நின்றிருந்ததால் பவுடர் சிலிண்டரால் அணைக்க முடிந்தது; ஆள் இல்லாமல் ஓடியிருந்தால் கூரை போயிருக்கும்.

இந்த அளவு மெஷினில் தொட்டிக்கு மட்டுமே 3,000 லிட்டருக்கு மேல் எண்ணெய் பிடிக்கும். விலையைப் பார்த்து யாராவது கெரோசின் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஃப்ளாஷ் பாயிண்ட் (ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) 100 டிகிரிக்கு மேல் உள்ள ஈடிஎம் எண்ணெயையே ஊற்றுங்கள். வெப்பத்தைக் கண்டவுடன் தானாகப் பீய்ச்சும் தீயணைப்பான் கூடுதல் விலையில் வரும் ஆப்ஷனாக இருந்தாலும் அதை ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள். தொட்டி கீழே இறங்கும் வகையா என்பதையும் பாருங்கள். கதவு திறக்கும் தொட்டியில் 9 டன் கட்டையை கிரேனிலிருந்து இறக்கும்போது ஒருவர் உள்ளே வளைந்து நின்று தள்ளவேண்டியிருக்கும்.

அம்பத்தூர் டூல்ரூம்

மூவருக்கும் நன்றி. நேற்று இரண்டு மெஷின்களையும் நேரில் பார்த்தேன். 200 ஆம்பியர் மெஷினில் கேட்லாக்கில் 1100 மி.மீ. என்று இருந்த உயரம், சக் மாட்டி அளந்தபோது 970தான் வந்தது. தொட்டியில் எண்ணெய் 720 மி.மீ. வரைதான் ஏறுகிறது. தூணின் அடியில் 200 மி.மீ. உயர்த்தித் தர முடியும் என்கிறார்கள், ஆனால் தொட்டியைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை. விலை கூடிய மெஷினில் சக் வரை 1180, எண்ணெய் 850. இனி டெஸ்ட் கட்டுக்கு (சோதனை வெட்டுக்கு) என்ன கொண்டுபோகலாம்?

கிராஃபைட் தூசி

அவர்கள் வைத்திருக்கும் மாதிரித் துண்டைப் பார்த்துத் திருப்தி அடையவேண்டாம். உங்கள் பி20 ஸ்டீலில் ஒரு துண்டும், உங்கள் மோல்டிலேயே மிக ஆழமான ரிப்புக்கு நீங்களே வெட்டிய கிராஃபைட் எலக்ட்ரோடுகள் இரண்டும் கொண்டுபோங்கள். குழாய் எதுவும் வைக்காமல், ஜம்பை மட்டும் நம்பி, முழு ஆழம் வரை ஓட்டச் சொல்லுங்கள். முதல் 20 மி.மீ. எந்த மெஷினும் ஓடும், கடைசி 20 மி.மீ.க்கு ஆகும் நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் எலக்ட்ரோடின் நுனி மூலை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ப்ரொஜெக்டரில் பாருங்கள். பினிஷை விடிஐ 24 (ஸ்பார்க் மேற்பரப்பின் சொரசொரப்பு அளவுகோல்) என்று கேளுங்கள், அதாவது ஆர்ஏ (சராசரி சொரசொரப்பு) 1.6 மைக்ரான், அதைக் கை வைத்துப் பார்க்காமல் மீட்டர் வைத்து அளக்கவேண்டும்.

இன்னொன்று: இப்படிப்பட்ட ஒரு மோல்டுக்கு எலக்ட்ரோடுகள் டஜன் கணக்கில் தேவைப்படும். தூசி உறிஞ்சியுடன் கூடிய கிராஃபைட் மில்லிங் மெஷின் உங்களிடம் இல்லையென்றால் ஸ்பார்க் மெஷின் பாதி நாள் எலக்ட்ரோடுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதன் விலையையும் சேர்த்தே வங்கியில் கேளுங்கள்.